பத்து மணிக்கு மேல வந்திரும்

பழுதான கணினியைப் பார்த்துவிட்டு யாராவது "போர்டு போயிருச்சு" என்று, அதாவது மதர்போர்டு கெட்டுவிட்டது என்று சொன்னால், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. போன மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்தப்பாவின் கடையில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்ததில் வந்த பழக்கம் இது. அந்த வாரம் இன்னும் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. கணினி சரியாகிவிட்டது. உறுத்துவது வேறு. எனக்குத் தேவைப்பட்ட விடை நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன்பே அந்த அறையில் சொல்லப்பட்டுவிட்டது. நான் அதைக் கேட்டுக்கொண்டே ஸ்க்ரூவைக் கழற்றினேன்.

சித்தப்பா வைத்திருப்பது டிடிபி கடை. தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் அவர்தான் கம்போஸ் செய்வார், பிழை பார்ப்பார், பிரிண்ட் எடுத்துத் தருவார். அச்சு வேலை சிவகாசியில் நடக்கும். அதற்கான கணினி 2004இல் அசெம்பிள் செய்தது. பென்டியம் 4, 512 எம்பி ராம், 40 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி, பேஜ்மேக்கர் 7. பின்பக்கத்தில் பழைய பிரிண்டர் போர்ட்டில் விரல் நீளத்துக்கு ஒரு டாங்கிள் செருகியிருக்கும். சித்தப்பா அதைப் 'பூட்டு' என்பார். அது இருந்தால்தான் தமிழ் எழுத்துருக்கள் திறக்கும்.

புதுசு வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று எல்லோரும் கேட்பார்கள், நானும் கேட்டிருக்கிறேன். கணினியில் இருபது வருஷத்துப் பத்திரிகைகள் இருக்கின்றன. 2006இல் அக்காவுக்கு அடித்த பத்திரிகையை வைத்துக்கொண்டு இப்போது தம்பிக்கு அடிக்க வருகிறார்கள். தாய்மாமன் பெயர் எந்த வரியில், பெரியப்பா வீட்டுப் பெயர்கள் எந்த வரிசையில், 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே யார் யார் என்பதெல்லாம் ஒரு முறை சண்டை போட்டு முடிவானவை. சித்தப்பா அந்தக் கோப்பைத் திறந்து பெண், மாப்பிள்ளை பெயரையும் தேதியையும் மாற்றுவார். காலமானவர் பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' சேர்ப்பார். எழுத்துக்கள் எல்லாம், இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யுனிகோடு முறைக்கு முந்தைய முறையில் இருப்பவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த குப்பையாகத் தெரியும். தமிழக அரசு 2010இல் யுனிகோடுக்கு மாறிவிட்டது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் நின்றுவிட்டது. சித்தப்பாவின் கடையில் இரண்டும் எதையும் மாற்றவில்லை. அந்த இயந்திரம் இணையத்தைப் பார்த்ததே இல்லை. இன்றைய மதர்போர்டுகளில் அந்தப் பூட்டைச் செருகும் இடமே அநேகமாக இருப்பதில்லை.

தை பிறந்தால் முகூர்த்தங்கள். அதற்கான பத்திரிகைகள் எல்லாம் மார்கழியில்தான் கைக்கு வரும். அந்த நேரத்தில்தான் சித்தப்பா போன் செய்தார். கணினி எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, இரண்டு கடையில் காட்டியாயிற்று, நீ லீவில் வரும்போது ஒரு கை பார்க்கிறாயா என்றார். முதல் கடைக்கு மதியம் எடுத்துப் போனார். பட்டனை அமுக்கியதும் வந்துவிட்டது. "ஒரு குறையும் இல்ல, ராம்ல தூசி" என்று துடைத்துக் கொடுத்து முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் காலை வரவில்லை. அடுத்த கடையில் ராத்திரி வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். காலையில் கடை திறந்ததும் பார்த்துவிட்டு, "போர்டு போயிருச்சு, இந்தப் போர்டெல்லாம் இப்ப வராது" என்று சொல்லிவிட்டார்கள். ஒருவர் குறையே இல்லை என்கிறார், இன்னொருவர் செத்துப்போய்விட்டது என்கிறார். யாரை நம்புவது என்று தெரியாமல் சித்தப்பா என்னைக் கூப்பிட்டார்.

மூன்று காலை, மூன்று வெற்றி

நான் போய் இறங்கியது சனிக்கிழமை காலை. கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை முடிந்திருந்தது. மலைப் பக்கமிருந்து வரும் குளிரில் சித்தப்பா மப்ளர் சுற்றிக்கொண்டு கடை வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்ப் பட்டனை அமுக்கினேன். காற்றாடி சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். பீப் சத்தம் இல்லை. திரை கறுப்பாகவே இருந்தது. கீபோர்டில் நம்லாக் விளக்கும் கண் சிமிட்டவில்லை. பின்னால் நின்று சித்தப்பா சொன்னார்: "காலைல இப்படித்தான் தாயி. ஆன் பண்ணி விட்டுட்டு டீ குடிச்சிட்டு வந்து ரீசெட்டை அமுக்குவேன். நாலஞ்சு தடவைல வந்திரும். போன மார்கழிலயும் இப்படித்தான் படுத்துச்சு, பங்குனிக்கு மேல தன்னால சரியாயிருச்சு." நான் "சரி சித்தப்பா" என்றேன். சொல்லும்போதே பக்கவாட்டு மூடியின் இரண்டாவது ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன். முதலில் ஹார்டு டிஸ்கைக் கழற்றி, கொண்டுபோயிருந்த கன்வர்ட்டர் ஒயர் மூலம் என் லேப்டாப்பில் மாட்டி, மொத்தத்தையும் நகல் எடுத்தேன். பழைய கணினியில் வேறு எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். போர்டுக்கு மாற்று தேடலாம், 2006 பத்திரிகைக்கு மாற்று கிடையாது. அந்த நகல் முடிந்த பிறகுதான் எனக்குக் கை நடுக்கம் நின்றது.

அப்புறம் எல்லோரும் செய்வதைச் செய்தேன். தூசியை ஊதி எடுத்தேன். ராமைக் கழற்றி, தங்க முலாம் பூசிய விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துணியால் துடைத்து மாட்டினேன். அமுக்கினேன், வரவில்லை. பக்கத்து ஸ்லாட்டுக்கு மாற்றினேன், வரவில்லை. மறுபடி தேய்த்து, பழைய ஸ்லாட்டிலேயே அழுத்திச் செருகினேன். பத்தரை மணி இருக்கும். 'பீப்' என்று ஒரே ஒரு குறுகிய சத்தம். எக்ஸ்பி வந்தது. ராம் கான்டாக்ட்தான் பிரச்சினை, முதல் கடைக்காரர் சரியாகத் துடைக்கவில்லை என்று சித்தப்பாவிடம் தீர்மானமாகச் சொன்னேன்.

ஞாயிறு காலை மறுபடி அதே கறுப்புத் திரை. முந்தைய நாள் திரையில் தேதி 2003 ஜனவரி 1 என்று வந்ததைப் பார்த்திருந்தேன். சித்தப்பா ராத்திரி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கடையைப் பூட்டுவார். கரன்ட் இல்லாதபோது தேதியைக் காக்கும் நாணய அளவு பேட்டரியான சிமாஸ் செல் செத்திருந்தால் தேதி மட்டுமல்ல, கணினி எழும்போது முதலில் ஓடும் நிரலான பயாஸின் அமைப்புகளும் கலைந்துவிடும், சில போர்டுகள் அதனாலேயே எழாது. மருந்துக்கடை வரை போய் அந்த ரகச் செல், ஒரு சிஆர்2032 வாங்கி மாட்டினேன். மாட்டி, போர்டிலுள்ள ஜம்பர் என்ற சின்னச் செருகியால் பயாஸை ரீசெட் செய்து, ஏழெட்டுத் தடவை அமுக்கியதில் பதினொரு மணிக்கு வந்தது. செல்தான் காரணம் என்று அன்றைக்குத் தீர்மானம்.

திங்கள் காலை, வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பக்கம் போனேன். கனெக்டரில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு ஜெம் கிளிப்பால் இணைத்தால் போர்டு இல்லாமலே அது ஓடும். ஓடியது. ஆனால் காற்றாடி சுற்றுவதை வைத்து எஸ்எம்பிஎஸ் நல்லது என்று சொல்லவே கூடாது, போர்டின் சுமை ஏறும்போதுதான் அதன் குணம் தெரியும். போர்டில் மாட்டி, மல்டிமீட்டர் முனையைப் பின்னால் விட்டுப் பார்த்தேன். மஞ்சள் ஒயரில் 12 வோல்ட்டுக்கு 11.9, சிவப்பில் 5க்கு 5.05, ஆரஞ்சில் சரியாக 3.3. ஐந்து சதவீதம் முன்பின் இருக்கலாம் என்பது கணக்கு. அதற்குள்தான் இருந்தது. இருந்தும் மீட்டர் காட்டுவது சராசரி, உள்ளே அலை அடிப்பதை அது காட்டாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, புது எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கி மாட்டினேன். கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது. அன்று சித்தப்பா இரவு ஒன்பது வரை உட்கார்ந்து ஆறு பத்திரிகை முடித்தார். செவ்வாய்க்கிழமை காலை வரவில்லை.

சித்தப்பா சொன்னது

செவ்வாய் காலை நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் ஸ்க்ரூக்கள், பழைய எஸ்எம்பிஎஸ், ரப்பர் துகள். மூன்று நாளும் மூன்று காரணத்தை அடித்துச் சொல்லியிருக்கிறேன், மூன்றும் பொய்யாகிவிட்டன. இரண்டாவது கடைக்காரர் சொன்னதுதான் சரியோ என்று நினைத்துக்கொண்டிருந்தபோது சித்தப்பா டீ டம்ளரை என் பக்கத்தில் வைத்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "நீ என்ன பண்ணாலும் பத்து மணிக்கு மேல வந்திரும் தாயி. நான் ஒண்ணும் பண்ணாமயே தினமும் வந்துக்கிட்டுத்தான இருந்துச்சு."

அதைக் கேட்டு டம்ளரை எடுக்கப் போன கை நின்றுவிட்டது. ராமைத் தேய்த்ததால் வரவில்லை. செல்லை மாற்றியதால் வரவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸாலும் வரவில்லை. பத்து மணி ஆனதால் வந்தது. ஒவ்வொரு நாளும் நான் எதையோ செய்துகொண்டிருந்தேன், அதே நேரத்தில் போர்டு சூடேறிக்கொண்டிருந்தது, வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியாக என் கை எதில் இருந்ததோ அதற்கு நான் பெருமையைக் கொடுத்துவிட்டேன். முதல் கடையிலும் இதுவேதான். மதியம் போனதால் குறையே இல்லை. இரண்டாவது கடையில் விடிய விடியக் குளிர்ந்து கிடந்ததைக் காலையில் பார்த்ததால் உயிரே இல்லை. இருவரும் பொய் சொல்லவில்லை, அவரவர் பார்த்த வேளையின் உண்மையைச் சொன்னார்கள். இரண்டு வேளையையும் பார்த்த ஒரே ஆள் சித்தப்பா. அவர் அதை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். முதல் கடையில், இரண்டாவது கடையில், சனிக்கிழமை காலை என்னிடம்.

என் வேலை சென்னையில் மென்பொருள் சோதனை. பன்னிரண்டு வருஷமாக அதுதான் சோறு போடுகிறது. யாராவது ஒரு பிழையை எழுதி அனுப்பினால் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, இது எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்பதுதான். அந்த விவரம் இல்லாமல் வரும் பிழைக் குறிப்பை எடுத்துக்கொள்ளவே மாட்டேன். அப்படிப்பட்ட எனக்கு, காலையில் வராது, பத்துக்கு மேல் வரும், மார்கழியில் படுத்தும், பங்குனியில் சரியாகும் என்று ஒரு முழுக் குறிப்பு வாய்மொழியாகக் கிடைத்தது. என் அலுவலகத்தில் அவ்வளவு சுத்தமான குறிப்பை எழுதுகிறவர்கள் குறைவு. அது ஏன் என் காதில் ஏறவில்லை என்பதைத்தான் இத்தனை மாதமாக யோசிக்கிறேன். அவர் அதை டீ, மார்கழி, பங்குனி என்ற சொற்களில் சொன்னார். வெப்பநிலை என்ற சொல்லைச் சொல்லியிருந்தால் நிமிர்ந்திருப்பேன். கணினி தெரியாதவர் என்று அவரை மனதில் எங்கோ ஓர் இடத்தில் வைத்துவிட்டு, அந்த இடத்திலிருந்து வரும் பேச்சை வீட்டுப் பேச்சாகவே கேட்டிருக்கிறேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இருபது வருஷம் தினமும் அதன் முன்னால் உட்கார்ந்தவர் அவர். நான் நான்கு நாள் உட்கார்ந்தவள்.

தேங்காய் எண்ணெய்

அன்று ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தேன். முதலில் ராமை முழுக்கக் கழற்றிவிட்டு ஆன் செய்து பார்த்தேன். ராம் இல்லாத போர்டு 'ராம் எங்கே' என்று நீளமாகக் கத்த வேண்டும். குளிர்ந்திருந்த போர்டு கத்தவில்லை. பதினொரு மணிக்கு அதே சோதனையைச் செய்தபோது கத்தியது. அப்படியென்றால் காலையில் புராசஸர் பயாஸின் முதல் வரியைக்கூடப் படிப்பதில்லை. ராம், டிஸ்க், டிஸ்பிளே எல்லாம் அதற்கு அப்புறம் வருகிற சங்கதிகள், அவற்றை மறந்துவிடலாம். மிச்சம் இருப்பது கரன்ட் போகிற வழி மட்டும்.

புராசஸருக்கு வேண்டியது ஒன்றரை வோல்ட்டை ஒட்டித்தான். ஆனால் ஐம்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டை அந்த அளவுக்கு இறக்கிக் கொடுப்பது போர்டின் வேலை. புராசஸர் சாக்கெட்டை ஒட்டிக் காவல் நிற்பதுபோல வரிசையாகச் சின்னச் சின்ன உருளைகள் இருக்கும், அந்த கெப்பாசிட்டர்கள்தான் இறக்கிய மின்சாரத்தின் அலையைத் தணித்துச் சமமாக்கித் தருகின்றன. உள்ளே ஒரு திரவம் இருக்கிறது. வருஷம் போகப்போக அது வற்றும், கெடும். கெட்ட பிறகு கெப்பாசிட்டரின் உள்தடை ஏறிவிடும், குளிரில் இன்னும் ஏறும், சூட்டில் இறங்கும். மார்கழியில் பாட்டிலில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோய், வெயிலில் வைத்தால் இளகி வருமே, அதை நினைத்துக்கொண்டால் போதும். இந்தத் திரவம் அப்படி உறைவதில்லை, ஆனால் அதனுள் அயனிகளின் நடமாட்டம் குளிரில் மந்தமாகிவிடும். நல்ல கெப்பாசிட்டருக்கு நம்மூர்க் குளிர் ஒரு பொருட்டே இல்லை. ஏற்கெனவே பாதி வற்றியதற்கு அந்த ஏழெட்டு டிகிரி வித்தியாசம் பெரிது.

2000ஐ ஒட்டிய வருஷங்களில் வந்த போர்டுகளில் இது உலகம் முழுக்கப் பெரிய தொல்லையாகவே இருந்தது. தைவானில் செய்யப்பட்ட பல கெப்பாசிட்டர்களில் திரவக் கலவை தவறாக இருந்து, அலுமினியத்தோடு வினை புரிந்து ஹைட்ரஜன் வாயு சேர்ந்து, உச்சி உப்பி வெடித்தன. அதனால் பழைய போர்டு என்றதுமே எல்லோரும் உப்பலைத்தான் தேடுவார்கள். நானும் முதல் நாளே டார்ச் அடித்துப் பார்த்தேன். எல்லா உச்சியும் தட்டையாக இருந்தன, அதனால் கெப்பாசிட்டர் இல்லை என்று மனதில் அடித்துவிட்டேன். உப்பாமலும் கெடும், அடிப்பக்க ரப்பர் வழியாகக் கசிந்தும் கெடும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும் அவசரத்தில் தாண்டிப் போயிருக்கிறேன்.

சந்தேகம் வந்துவிட்டது, உறுதி செய்ய வேண்டும். இதில் ஒரு சங்கடம், குளிர்ந்த கணினி ஒரு நாளைக்கு ஒரு முறைதான் கிடைக்கும். ஒரு காலைக்கு ஒரு கேள்விதான் கேட்க முடியும். புதன் காலை, சித்தப்பாவிடம் பட்டனைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, என் பையிலிருந்த ஹேர் டிரையரை எடுத்து, குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மட்டும் மூன்று நிமிஷம் காட்டினேன். போர்டின் மேல் ஒரு அட்டையை வைத்து மறைத்திருந்தேன். அமுக்கினேன். வரவில்லை. உடனே போர்டுக்கும் காட்டிப் பார்க்கக் கை பரபரத்தது. ஆனால் எஸ்எம்பிஎஸ் ஏற்கெனவே சூடாக இருக்கிறது, இப்போது வந்தால் எதனால் வந்தது என்று மறுபடி தெரியாமல் போய்விடும். மூன்று நாள் அப்படித்தானே ஏமாந்தேன். டிரையரைச் சுருட்டி வைத்துவிட்டேன். வழக்கம்போல் பத்து மணிக்கு வந்தது, சித்தப்பா வேலையைப் பார்த்தார்.

வியாழன் காலை ஆறரை மணி. பால்காரர்கூட வரவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸை அட்டையால் மறைத்துவிட்டு, புராசஸர் சாக்கெட்டைச் சுற்றி மட்டும் அதே மூன்று நிமிஷம். அமுக்கினேன். முதல் அமுக்கிலேயே 'பீப்'. சித்தப்பா வாசலில் கோலத்தைத் தாண்டி உள்ளே ஓடி வந்தார். இரண்டு மார்கழியாக அந்தச் சத்தத்தை அவர் காலை ஆறரை மணிக்குக் கேட்டதில்லை.

ஆறு உருளைகள்

மதர்போர்டில் ஈயம் வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. அதே தெருவில் டிவி மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், அறுபதைத் தொட்டவர், டப்பா டிவி காலத்து ஆள். போர்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் கேட்டது: "எப்பெப்ப வர மாட்டேங்குது?" சொன்னேன். சிரித்தார். "அந்தக் காலத்து டிவில காலைல போட்டா படம் மேலயும் கீழயும் சுருங்கி நிக்கும் தங்கச்சி. அரை மணி நேரம் போனா விரிஞ்சிரும். கண்டென்சர்தான். பார்க்கவே வேண்டாம்." கெப்பாசிட்டரைத்தான் அவர் கண்டென்சர் என்றார். ஆறு காலையில் நான் வந்து சேர்ந்த இடத்துக்கு அவர் ஒரு கேள்வியில் வந்துவிட்டார்.

ஆறு கெப்பாசிட்டர்கள். 6.3 வோல்ட், 3300 மைக்ரோஃபாரட், 105 டிகிரி. இதில் ஏதோ ஒரு 3300 போதாது, உள்தடை குறைவான ரகமாகவே இருக்க வேண்டும். ரேடியோவுக்குப் போடுகிற சாதாரண ரகத்தைப் போட்டால் மறுபடி இதே கதைதான். ஊரில் இல்லை. சென்னையில் ரிச்சி தெருவில் ஒரு தோழி வாங்கி கூரியரில் அனுப்பினாள், ஒன்று இருபது ரூபாய்கூட ஆகவில்லை. கழற்றுவதற்கு முன் போர்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார் மெக்கானிக். உருளையின் ஒரு பக்கத்தில் இருக்கும் பட்டை மைனஸ். ஆனால் போர்டில் அச்சிட்டிருக்கும் குறியை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகப் போடும், அதை நம்பி மாற்றி வைத்துவிட்டால் வெடிக்கும்.

ஈயத்தை உருக்குவதுதான் பெரும் பாடாக இருந்தது. மதர்போர்டு பல அடுக்காகச் செய்யப்பட்டது. மைனஸ் கால் உள்ளே இருக்கும் பெரிய செம்புத் தகட்டோடு சேர்ந்திருக்கும், நாம் வைக்கிற சூட்டையெல்லாம் அந்தத் தகடு இழுத்துக்கொண்டு போய்விடும். சாதாரண 25 வாட் சால்டரிங் ஐயர்னை வைத்துப் போராடினால் ஈயம் உருகாது, துளைதான் பிய்ந்து வரும். அவர் 60 வாட் ஐயர்னை எடுத்தார். பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயத்தை விட்டு, இரண்டு காலையும் மாற்றி மாற்றிச் சூடாக்கி, உருளையை லேசாக அசைத்து அசைத்து எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிஷம். மூன்றாவது வெளியே வந்ததும் போர்டைச் சாய்த்துக் காட்டினார். உருளை நின்ற இடத்தில் பழுப்பு நிறத்தில் வட்டக் கறை. உச்சி தட்டையாகவே இருக்க, அடியில் கசிந்திருக்கிறது. அவரிடம் இருந்த மீட்டரில் வைத்துப் பார்த்ததில், 3300 இருக்க வேண்டியது 400ஐத் தாண்டவில்லை. ஆறில் நான்கு அப்படி.

அந்த உருளைகளின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்பது இந்த மாதிரி கெப்பாசிட்டர்களுக்குச் சாதாரணமாகச் சொல்லும் ஆயுள். பத்து டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிக்கும் என்பது தோராயக் கணக்கு. 65 டிகிரியில் ஓடியது என்று வைத்துக்கொண்டால் 32,000 மணி நேரம். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், வருஷத்துக்கு முந்நூறு நாள் என்றால் பத்து வருஷத்துச் சொச்சம். அவை இருபது வருஷம் ஓடியிருக்கின்றன. எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து, எத்தனை துக்கம்.

புது உருளைகளோடு போர்டைப் பெட்டியில் மாட்டினோம். நியாயத்துக்காகப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸையே திரும்ப மாட்டினேன், புதியது அலமாரிக்குப் போனது. மாட்டியதும் ஆன் செய்தோம், வந்தது. ஆனால் சாயங்காலம் வந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை. ராத்திரி மெயினை அணைத்து, கடையைப் பூட்டி, மறுநாள் காலை ஆறு மணிக்கு, மப்ளரும் குளிருமாக நாங்கள் மூன்று பேரும் நின்றோம். மெக்கானிக் அண்ணன் கூப்பிடாமலே வந்திருந்தார். சித்தப்பாவையே அமுக்கச் சொன்னேன். ஒரே அமுக்கு. 'பீப்'. அவர் பழக்க தோஷத்தில் டீ குடிக்கக் கிளம்பி, இரண்டடி போய், திரையைத் திரும்பிப் பார்த்துவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

பழைய எழுத்துருவில் இருந்தவற்றை யுனிகோடுக்கு மாற்றும் வேலையை இப்போது கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து வருகிறேன். ஞாயிறுதோறும் இருபது பத்திரிகை. சித்தப்பா போனில் பிழை திருத்துவார். அந்த இயந்திரம் இன்னும் எத்தனை மார்கழி தாங்கும் என்று சொல்ல முடியாது, புதிதாகப் போட்டவை அந்த ஆறு மட்டும்தான்.

போன வாரம் பிழை திருத்தி முடித்த பிறகு சித்தப்பா சொன்னார்: "கம்ப்யூட்டர் நல்லா இருக்கு தாயி. ஒரே அமுக்குதான். உள்ள கிர்ருன்னு மட்டும் ஒரு சத்தம் வருது, அது கெடக்கு." நான் லேப்டாப்பை மூடிவிட்டு ஒரு தாளை எடுத்தேன். "எந்நேரம் வருது சித்தப்பா? காலைலயா, மத்தியானமா?"